என்ஜின் மாற்றிய லாரி மலைப்பாதையில் நகராமல் நின்றால்: அறிகுறி வழியே பழுது தேடும் முறை

முதலில் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால், என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியைக் கியரில் போட்டு நிறுத்திப் பயனில்லை. கியர் எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. கை பிரேக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பல வண்டிகளில் அது பின்சக்கர டிரம்மைப் பிடிக்கும். சில வண்டிகளில் கியர் பாக்ஸுக்குப் பின்னால், சுழற்சியைப் பின்சக்கரப் பக்கம் கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். இரண்டாவது வகையில் ஷாஃப்டோ, சக்கரத்தைத் திருப்பும் ஆக்சிலோ முறிந்தால் கை பிரேக்கும் அதோடு போய்விடும். ஆகவே இறக்கப் பக்கம் பார்த்து, இரண்டு பின்சக்கரங்களுக்கும் கல் அல்லது மரக்கட்டை வைத்து, ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் யாரும் வண்டிக்கு அருகில் குனிய வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது அந்தக் கற்களைச் சாலையிலேயே விட்டுச் செல்லாதீர்கள். மூடுபனியில் இருசக்கர வண்டியில் வருபவருக்கு அந்தக் கல்தான் எமன். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

நான் கோத்தகிரியில் பட்டறை வைத்திருக்கிறேன். கேரட்டும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகள், பச்சைத் தேயிலை சேகரிக்கும் வண்டிகள், இவைதான் என் வாசலுக்கு வருகின்றன. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1500 மீட்டர் உயரம் இறங்க வேண்டும், திரும்பி ஏற வேண்டும். இந்தப் பாதையில் ஓடும் பழைய லாரிக்கு ஒருநாள் என்ஜின் மாற்றும் நிலை வருவது இயல்பு. மாற்றிய சில நாட்களில், சில வாரங்களில் திடீரென்று வழியில் நின்றுவிடும் வண்டிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இத்தகைய வண்டிகளில் உடைந்த பாகம் ஓரிடத்தில் இருக்கும். அதை உடைத்த காரணம் வேறிடத்தில் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் வாயில் ஒளிந்திருக்கும். உடைந்ததை மட்டும் மாற்றி அனுப்பினால் அது திரும்பவும் உடையும்.

மூன்று நிமிடச் சோதனை

இதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில், கால் பிரேக் மீது. மற்றவர் வண்டிக்குப் பக்கவாட்டில், சற்றுத் தள்ளி நின்று, சேசிஸுக்கு அடியில் பிரொப்பல்லர் ஷாஃப்ட் தெரியும்படி பார்க்க வேண்டும். அடியில் படுக்கக் கூடாது. குனிய இடமில்லை என்றால் தொலைபேசியில் படம் பிடித்துப் பார்க்கலாம்.

என்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தியபடியே கிளட்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். நடப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

என்ஜின் திணறி அணையப் பார்க்கிறது என்றால் சக்கரம் வரை தொடர்பு இருக்கிறது. பிரேக் இறுகிப் பிடித்திருக்கலாம், அல்லது என்ஜினுக்கே வலு இல்லாமல் இருக்கலாம். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய என்ஜின்களில் ஏதாவது சென்சார் பழுதானால் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்; அதைக் கியர் பாக்ஸ் பழுது என்று நினைத்துப் பிரித்தவர்கள் உண்டு. டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ஷாஃப்ட் சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை என்றால் பழுது பின்னால்: ஷாஃப்டின் சுழற்சியை இரண்டு பக்க ஆக்சிலுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல், அல்லது ஆக்சில். இதைக் கண்டதும் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

என்ஜின் சுகமாக ஓடுகிறது, ஷாஃப்ட் அசையவே இல்லை என்றால் பழுது முன்னால்: கிளட்ச் அல்லது கியர் பாக்ஸ். இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, கிளட்சை மிதிக்காமல், கியர் லீவரை மெல்ல முதல் கியர் பக்கம் தள்ளிப் பாருங்கள். கரகரவென்று பல் உரசினால் கிளட்ச் சுழற்சியைக் கடத்துகிறது. பழுது கியர் பாக்ஸுக்குள். சத்தமே இல்லாமல் கியர் விழுந்துவிட்டால் கியர் பாக்ஸுக்குச் சுழற்சி வந்து சேரவே இல்லை, பழுது கிளட்சில்.

கிளட்ச் மிதிக்காமலே கியர் விழுகிறது, ஷாஃப்ட் சுற்றவில்லை

என்ஜின் மாற்றிய வண்டியில் இந்த அறிகுறி வந்தால் முதல் சந்தேகம் கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் (கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுழையும் நடுப்பகுதி) மீது விழ வேண்டும். அதற்கு முன் வெளியிலிருந்து ஒன்றை மட்டும் பார்த்துவிடலாம். கிளட்ச் போர்க்கின் (பெடல் மிதித்ததும் கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலின்) வெளிமுனையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு தளர்வு இருக்க வேண்டும் என்று வடிவமைத்த வண்டியில் தளர்வே இல்லாமல் விறைத்து நின்றால், போர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. பெடல் மிதிக்காமலே மிதித்த நிலை. கேபிளையோ, ஸ்லேவ் சிலிண்டர் கம்பியையோ சரிசெய்தால் வண்டி நகர்ந்துவிடும். பழைய என்ஜினின் அளவுக்கு வைத்த கம்பியை அப்படியே புதிய கிளட்சுக்கு மாட்டினால் இது நடக்கும். அரை மணி நேர வேலை.

போர்க் சரியாக இருந்தால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

கடந்த ஆண்டு ஒரு காய்கறி லாரி, டாடா 407. உரிமையாளர் பழைய என்ஜின் ஒன்றை வாங்கி, வேறொரு பட்டறையில் ஏற்றியிருந்தார். ஏற்றிய பதினெட்டாம் நாள், மேட்டுப்பாளையம் பாதையில் அரவேணுவுக்குக் கீழே, சுமையோடு நின்றுவிட்டது. ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது. வண்டி அசையவே இல்லை” என்றார். இறக்கிப் பார்த்தோம். பிளேட்டின் லைனிங், அதாவது உராய்வுப் பட்டை, புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. நடு ஹப் மட்டும் ரிவெட் வரிசையை ஒட்டி வட்டமாகக் கிழிந்து, ஸ்பிரிங்குகள் கூண்டுக்குள் உதிர்ந்து கிடந்தன. மேட்டில் அதிகச் சுமை ஏற்றியதால் கிழிந்தது என்று உரிமையாளரும் சொன்னார், நானும் ஏற்றுக்கொண்டேன். புதிய பிளேட் போட்டு அனுப்பினேன். இருபத்திரண்டாம் நாள் அந்தப் புதிய பிளேட்டும் அதே இடத்தில் கிழிந்தது.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். என்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் விகிதம் 6, டிஃபரன்ஷியல் விகிதம் 4.5. கியர் பாக்ஸைத் தாண்டியதும் அந்த விசை 1200 ஆகிறது. டிஃபரன்ஷியலைத் தாண்டியதும் 5400. ஒவ்வொரு ஆக்சிலுக்கும் 2700. மேடு ஏறும்போது இத்தனையும் சுமப்பது ஷாஃப்டும் ஆக்சிலும்தான். கிளட்ச் பிளேட்டுக்கு எந்தக் கியரிலும் என்ஜினின் 200 மட்டுமே வருகிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறினாலும், மேட்டுப்பாளையம் சமவெளியில் ஓடினாலும், என்ஜின் முழு விசையில் இருந்தால் அதே 200. அப்படியானால், தேயாத லைனிங்கோடு ஹப் மட்டும் கிழிந்ததற்கு மலையையும் சுமையையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஹப்பை வேறு ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் வளைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்று டவல் பின். என்ஜின் பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு சிறிய உருக்கு முளைகள் இருக்கும். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் மணி வடிவக் கூடு) அவற்றின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். போல்ட்டுகள் இறுக்க மட்டுமே உதவும். போல்ட் துளையில் எப்போதும் சிறிது இடைவெளி உண்டு. கிரங்க் ஷாஃப்டின் நடுவும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்பது அந்த இரண்டு முளைகளால்தான். பழைய என்ஜினைக் கழற்றும்போது அவை முந்தைய ஹவுசிங்கோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், அல்லது தரையில் விழுந்து காணாமல் போய்விடும். இந்த என்ஜினில் இரண்டு துளைகளும் காலியாக, கரி படிந்து கிடந்தன. கியர் பாக்ஸின் சொந்த எடை அதைப் போல்ட் இடைவெளி அளவுக்குக் கீழே இறக்கிவிட்டது. அந்தக் கோணலோடு என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், ஹப்பின் தகடு மணிக்கு 1,20,000 முறை இப்படியும் அப்படியும் வளைகிறது. ஒரு கம்பியைக் கையால் மடக்கி மடக்கி ஒடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இதே போலக் கிழிய இன்னொரு வழியும் உண்டு. அது கை செய்யும் தவறு. கியர் பாக்ஸை ஏற்றும்போது இன்புட் ஷாஃப்டின் முனை பிளேட்டுக்குள் நுழைந்ததும், பிடித்திருப்பவர்கள் கை வலித்து எடையை அதன்மேல் விட்டுவிடுவார்கள். கியர் பாக்ஸ் முழு எடையோடு பிளேட்டின் ஹப்பில் தொங்கும். ஹப் அப்போதே கண்ணுக்குத் தெரியாமல் வளைந்துவிடும். பிறகு, மீதி இடைவெளியைப் போல்ட்டால் இறுக்கி இழுப்பார்கள். கியர் பாக்ஸ் கையால் தள்ளியே முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் பிளேட் நடுவில் இல்லை, அல்லது பைலட் பேரிங் (கிரங்க்கின் நடுவில் உள்ள சின்ன பேரிங்) அளவு வேறு. போல்ட்டை ஆயுதமாக்காதீர்கள். டிரான்ஸ்மிஷன் ஜாக்கி இல்லாத பட்டறையில் சங்கிலித் தொங்கலாவது கட்டி, எடை முழுவதையும் அது தாங்கும்படி செய்யுங்கள்.

பெல் ஹவுசிங் தனியாகக் கழலும் வகையானால், அதை மட்டும் பிளாக்கில் பூட்டி, ஃபிளைவீலில் (கிரங்க்கின் முனையில் உள்ள கனமான சக்கரத்தில்) நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்து, கிரங்க்கைக் கையால் சுற்றி, ஹவுசிங்கின் நடுத்துளை எவ்வளவு விலகுகிறது என்று அளந்துவிடுங்கள். கனரக லாரிகளுக்கு 0.20 மில்லிமீட்டர்தான் உச்ச எல்லை. சிறிய லாரிக்கு அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. டயல் கேஜ் இல்லை என்றால் கோவையில் நல்ல லேத் பட்டறையில் பார்த்துக்கொடுப்பார்கள். ஒரு கிளட்ச் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது.

பிளேட் கிழியாமல் லைனிங் மட்டும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் கதை வேறு. இறக்கத்தில் சின்னக் கியரில் கிளட்சை மிதித்தபடி வண்டியை உருளவிட்டால், சக்கரம் பிளேட்டை என்ஜினைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். அந்த வேகத்தில் லைனிங் பிய்த்துக்கொண்டு போகும். இங்கே பழுது என்ஜின் மாற்றத்தில் இல்லை. ஓட்டுநரிடம் பக்குவமாகப் பேச வேண்டும்.

என்ஜின் உறுமுகிறது, வண்டி ஊர்கிறது, கருகிய வாடை

இது முறிவு அல்ல, வழுக்கல். நிறுத்தி ஆறவிடுங்கள். மேட்டில் விடாமல் மிதித்தால் ஃபிளைவீல் நீலம் பாய்ந்து, பிரஷர் பிளேட் வளைந்துவிடும்.

பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறிய துளையில் விரல் விட்டுப் பாருங்கள். கரிய, மெல்லிய எண்ணெய் என்றால் கிரங்க்கின் பின் ஆயில் சீல். பொன்னிறமாக, பிசுபிசுப்பாக, பழைய பூண்டு மூட்டையைத் திறந்தது போல மணந்தால் கியர் ஆயில். கந்தகம் கலந்த சேர்மானத்தின் மணம் அது. பூண்டு ஏற்றி இறங்கும் நம் ஓட்டுநர்களுக்கு அந்த வாடை சட்டென்று பிடிபடும். அப்படியானால் இன்புட் ஷாஃப்ட் சீல். என்ஜின் வெளியே இருக்கும்போது பின் சீலைப் புதிதாகப் போடுவது சில நூறு ரூபாய் வேலை. ஏற்றிய பிறகு அதே வேலைக்கு இரண்டு நாள் போகும். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது வீண்.

எண்ணெய் இல்லாமலே வழுக்கினால் கிளட்ச் செட் என்ஜினுக்குப் பொருந்தவில்லை. டர்போ இல்லாத என்ஜின் இருந்த இடத்தில் டர்போ என்ஜினை வைத்து, கிளட்சை மட்டும் பழையதாக விட்ட வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அங்கே கிளட்சை மட்டும் பெரிதாக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மேலே சொன்ன கணக்கின்படி கூடுதல் விசை அடுத்ததாக ஆக்சிலைத் தேடிப் போகும்.

கியர் விழ மறுக்கிறது, பல் உரசுகிறது

வண்டி அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் எளிதாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் உரசினால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்த பிறகு கியர் விழுந்தால் காற்றுதான்.

காற்றும் இல்லை என்றால் உள்ளே மூன்று இடங்கள். ஒன்று, பிளேட் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். ஹப் துருத்திய பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும், பிளேட்டிலேயே ஃபிளைவீல் பக்கம் எது என்று பொறித்திருப்பார்கள். இரண்டு, ஃபிளைவீலை லேத்தில் பலமுறை கடைந்து மெலிந்ததால் போர்க்கின் வீச்சு போதாமல் போகலாம். மூன்றாவது பைலட் பேரிங், என் கணக்கில் இதுதான் அதிகம். கிரங்க்கின் நடுவில் இன்புட் ஷாஃப்டின் மூக்கைத் தாங்கும் சின்ன பேரிங் அது. பழைய என்ஜினோடு வந்த பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால், கிளட்சை மிதித்தாலும் கிரங்க், இன்புட் ஷாஃப்டைத் தன்னோடு இழுத்துச் சுற்றும். சிலர் அதைப் போடவே மறந்துவிடுகிறார்கள். மூக்குக்குத் தாங்கல் இல்லாமல் ஷாஃப்ட் ஆடி, கியர் பாக்ஸின் முன் பேரிங்கைத் தின்றுவிடும்.

நிற்பதற்கு முன் சத்தம் வந்ததா என்று ஓட்டுநரைக் கேளுங்கள்

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் யாரும் கேட்பதில்லை. நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது வந்த சத்தம், மிதித்ததும் மறைந்தால் கியர் பாக்ஸின் இன்புட் பேரிங். மிதிக்கத் தொடங்கியதும் வந்தால் ரிலீஸ் பேரிங். கியரில் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்து நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங். ஏனென்றால் கிரங்க்கும் இன்புட் ஷாஃப்டும் வெவ்வேறு வேகத்தில் இருப்பது அப்போதுதான். இந்த மூன்றில் எது கேட்டிருந்தாலும் டவல் பின்னைச் சந்தேகியுங்கள்.

“டம்” என்று அடித்தது, பிறகு நகரவில்லை

கீழே பாருங்கள். ஷாஃப்ட் தொங்குகிறதா? ஷாஃப்டின் முனையில் மடங்கும் மூட்டான கிராஸ் உடைந்து பின்முனை விழுந்திருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். முன்முனை விழுந்து தார்ச்சாலையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும். ஷாஃப்டுக்குக் கீழே பாதுகாப்பு வளையம் இருந்த வண்டியில், என்ஜின் மாற்றும்போது கழற்றியதைத் திரும்பப் பூட்டினார்களா என்று பாருங்கள்.

கிராஸ் ஏன் உடைந்தது என்பதற்கு விடை கோணத்தில் இருக்கிறது. ஒரு கிராஸ் கோணத்தில் சுற்றும்போது, சீராக உள்ளே வரும் சுழற்சி வெளியே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகமெடுத்து, இருமுறை தளர்ந்து போகும். மறுமுனையில் உள்ள கிராஸ் அதே கோணத்தில் இருந்தால் முதல் கிராஸ் கெடுத்ததை இது நேராக்கிவிடும். என்ஜின் மவுண்டிங் ரப்பர் வேறு உயரத்தில் அமைந்தாலோ, பட்டறையில் ஒரு வாஷர் கூடுதலாக வைத்தாலோ, கியர் பாக்ஸின் வால் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு கோணமும் சமமாக இராது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தொலைபேசியில் உள்ள சாய்வுமானியைக் கியர் பாக்ஸ் ஃபிளாஞ்சிலும், ஷாஃப்டிலும், டிஃபரன்ஷியலின் பினியன் ஃபிளாஞ்சிலும் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் கோணம் 3 டிகிரிக்குள், இரண்டு மூட்டுகளுக்கும் வேறுபாடு 1 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கோணமே இல்லாமல் நேராக இருப்பதும் கூடாது. ஊசி பேரிங்குகள் நகராமல் ஒரே இடத்தில் அமுங்கிப் பள்ளம் விழும். ஷாஃப்டைக் கழற்றித் திரும்ப மாட்டியபோது இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே தளத்தில் அமைந்தனவா என்பதையும் பாருங்கள். ஸ்பிளைனில் (ஷாஃப்ட் ஒன்றினுள் ஒன்று நுழையும் பல் வரிசையில்) ஒரு பல் மாறினால் போதும், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் அதிர்ந்து அதிர்ந்து பிளந்துவிடும்.

அடுத்தது நீளம். என்ஜின் அரை அங்குலம் முன்னால் தள்ளி உட்கார்ந்தால் ஷாஃப்டின் ஸ்பிளைன் அரை அங்குலம் வெளியே வந்துவிடும். சமவெளியில் இது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது, ஸ்பிரிங் பட்டை விரிந்து ஆக்சில் ஹவுசிங் கீழே போகும். அப்போது மிச்சமிருந்த சில பற்களின் மீது முதல் கியரின் முழு விசையும் விழும். பற்கள் சீவப்பட்டு, ஷாஃப்ட் உள்ளேயே வெறுமனே சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் ஷாஃப்டின் முன்பாதி சுற்றும், பின்பாதி நிற்கும். இந்தக் காட்சியைக் கண்டால் ஆக்சிலைத் தொட வேண்டாம்.

ஷாஃப்ட் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது

என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, கல்லும் கால் பிரேக்கும் உறுதி என்று தெரிந்த பிறகு, ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். சிறிது ஆட்டத்துக்குப் பிறகு நின்றுவிட வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் ஆக்சில். கடகடவென்று கடித்துக் கடித்துச் சுற்றினால் டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் அல்லது அதன் உள்ளிருக்கும் சின்னப் பல்சக்கரங்கள்.

நம் சுமை லாரிகளில் பெரும்பாலும் ஆக்சில் முழு மிதவை வகை. சக்கரத்தையும் சுமையையும் ஹவுசிங் தாங்கும். ஆக்சில் திருப்ப மட்டும் செய்யும். அதனால் ஹப்பின் நடுவில் உள்ள நட்டுகளைக் கழற்றி, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சிலை உருவிப் பார்க்கலாம். ஆனால் உருவும் முன் கல் இருமடங்கு உறுதியாக இருக்கட்டும். உடைந்த மறுபாதி உள்ளேதான் இருக்கும். மறுபக்க ஆக்சிலையும் உருவி, கம்பியாலோ காந்தத்தாலோ அதை வெளியே எடுக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் மை போன்ற பொடி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்துணுக்கு அளவு சில்லு இருந்தால் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும்.

உடைந்த முகத்தைத் துடைத்து வெயிலில் காட்டுங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் உருக்கு பொய் சொல்லாது. கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் போல வளைவு வளைவான வழுவழுப்பான கோடுகள் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, கடைசியில் சிறிய இடம் மட்டும் முரடாக இருந்தால் அது களைப்பு முறிவு. விரிசல் பல வாரங்களுக்கு முன்பே, ஒருவேளை பழைய என்ஜின் இருந்த காலத்திலேயே விழுந்துவிட்டது. என்ஜின் மாற்றியவரை அதற்குக் குறை சொல்வது நியாயமல்ல. முகம் முழுவதும் ஒரே மாதிரி புதிதாக, சுழித்தாற்போலத் தட்டையாகவோ, சாக்கட்டியைத் திருகி ஒடித்தாற்போலச் சாய்வாகவோ இருந்தால் அது ஒரே அடியில் முறிந்தது. விசை அதிகமான என்ஜின், அல்லது வளைவில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் சட்டென்று தரையைப் பிடித்தது, அல்லது கிளட்சைத் திடீரென்று விட்டது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஆக்சிலைக் குப்பையில் போட்டால் சாட்சியையே தொலைத்துவிடுகிறீர்கள்.

இறக்கத்தில் கியர் தானாக நழுவுகிறது

சிங்க்ரோ (கியர் விழும்போது வேகத்தைச் சமன்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கலாம். ஆனால் என்ஜின் மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்றால், முதலில் லீவர் கேபின் தரையின் ஓட்டையில் இடிக்கிறதா என்று பாருங்கள். கியர் முழுதாக விழாமலே நிற்கும். ஓட்டையைச் சற்று அகலப்படுத்தினால் தீர்ந்துவிடும். இடிக்கவில்லை என்றால் மறுபடியும் டவல் பின்.

வண்டியைக் கீழே கொண்டுபோவது

தொடர்பு அறுந்த வண்டியை மேட்டுப்பாளையம் வரை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சிலர் துணிகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். என்ஜின் பிரேக் இல்லாமல் இத்தனை உயரம் இறங்கினால் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். என்ஜின் அணைந்திருந்தால் வேக்குவம் உதவி சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கயிறு கட்டி இழுப்பதும் மலைப்பாதைக்கு ஆகாது. முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ தூக்கி இழுக்கும் மீட்பு வண்டியை வரவழையுங்கள். பின்சக்கரம் தரையில் உருளும்படி இழுப்பதானால் பிரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். என்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸின் உள்ளே எண்ணெய் தெறிக்காது, பின் பேரிங்குகள் வறண்டு எரியும். சரக்கை முதலில் வேறு வண்டிக்கு மாற்றுங்கள். சுமையில்லாத வண்டி மீட்பவருக்கும் பாதுகாப்பு, காய்கறியும் மண்டிக்குப் போய்ச் சேரும்.

திரும்பப் பூட்டும்போது

அந்த 407-க்கு இரண்டு புதிய டவல் பின்களும், பைலட் பேரிங்கும், பின் சீலும், முழுக் கிளட்ச் செட்டும் போட்டோம். பிளாக்கின் பின்முகத்தில் ஒட்டியிருந்த பழைய பெயின்டையும் துருவையும் சுரண்டி, ஸ்கேல் வைத்து வெளிச்சம் தெரியாத அளவுக்குத் துடைத்தோம். அந்த முகத்தில் ஒரு மணல் பருக்கை இருந்தாலும் கியர் பாக்ஸ் கோணலாகத்தான் உட்காரும். புதிய பிளேட்டை ஏற்றும் முன் இன்புட் ஷாஃப்டில் தனியாக மாட்டி, ஸ்பிளைனில் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தோம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பல் எண்ணிக்கை மாறிய பிளேட்டை இது அங்கேயே காட்டிக்கொடுக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடித்து, ஒவ்வொரு தலையிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தோம்.

என்ஜின் எண் மாறியதைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றச் சொல்லி உரிமையாளரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதைச் செய்யாமல் ஓட்டினால் விபத்து நேரும்போது காப்பீட்டில் சிக்கல் வரும்.

முதல் இரண்டு நடை பாதிச் சுமை. மூன்றாம் நாள் வண்டியைத் திரும்ப வரவழைத்து, மஞ்சள் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா, பெல் ஹவுசிங் துளை உலர்ந்திருக்கிறதா, போர்க்கின் தளர்வு எவ்வளவு, சென்டர் பேரிங் சூடாகிறதா என்று பார்த்தேன். ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடியும் ஒருமுறை. கோடு எதுவும் நகரவில்லை.